எறியும் கை யாருடையது?

சிட்னியிலும் மெல்பர்னிலும் சனிக்கிழமை விடிந்தால் பிள்ளைகளையும் கிரிக்கெட் பைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பும் தமிழ்ப் பெற்றோருக்கும், அந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் பயிற்சி தரும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,



இது வேறொரு சனிக்கிழமையின் கதை. 1888 டிசம்பர் 15. இன்று நம் பிள்ளைகள் எஸ்.சி.ஜி. என்று சொல்லும் சிட்னி கிரிக்கெட் மைதானத்துக்கு அன்று அசோசியேஷன் மைதானம் என்று பெயர். கிரிக்கெட்டுக்காக வளர்த்த அந்தப் புல்லின்மேல் அன்று ‘பேஸ்’ என்ற சாக்குப்பைகளை மூலைக்கொன்றாக வைத்து, வெள்ளைக்கோடு இழுத்து, இரண்டு அமெரிக்க அணிகள் பேஸ்பால் ஆடின. ஒன்று சிகாகோ வொயிட் ஸ்டாக்கிங்ஸ். மற்றொன்று பல ஊர்க் கழகங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்த ஆல் அமெரிக்கா. நியூ சவுத் வேல்ஸ் கவர்னர் கேரிங்டன் பிரபு ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். ஆல் அமெரிக்கா 5–4 என்று வென்றது.

அந்தக் கடற்பயணக் கூட்டத்தையெல்லாம் கட்டி இழுத்து வந்தவர் ஆல்பர்ட் குட்வில் ஸ்பால்டிங். அப்போது அவருக்கு வயது 38. ஆட்டத்தை விட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பு, பந்தெறிந்து சம்பளம் வாங்கியவர்களில் அவரை மிஞ்ச ஆளில்லை. இன்று விளையாட்டுக் கடையில் விற்கும் பல கூடைப்பந்துகளின்மேல் அச்சிட்டிருக்கும் பெயர் அவருடையதுதான்.

இந்த மடல் உங்களுக்கு எழுதப்படுவதற்குக் காரணம் இதுதான். நம் வீடுகளில் விளையாட்டுக் கதைகள் பெரும்பாலும் ஓட்டக் கணக்காகவும் விக்கெட் கணக்காகவும் மட்டுமே பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. ஸ்பால்டிங்கின் வாழ்க்கையை அப்படிப் பாதியில் வெட்டிச் சொல்ல முடியாது. ஒரு கை எப்படி எறியலாம், எவ்வளவு எறியலாம், யாருக்காக எறியலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி அந்த வாழ்க்கையின் நடுவில் நிற்கிறது. பந்துவீசும் ஒரு பிள்ளையையாவது வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அந்தக் கேள்வியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஸ்பால்டிங் 1850 செப்டம்பர் 2-இல் இலினாய் மாநிலத்தின் பைரன் என்ற சிற்றூரில் பிறந்தார். எட்டு வயதில் தகப்பனை இழந்தார். பன்னிரண்டாம் வயதில், படிப்புக்காக ராக்ஃபோர்டு என்ற பக்கத்து நகரத்தில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். புது ஊர், தெரியாத முகங்கள். கூச்சம் மிகுந்த அந்தப் பையன் தினமும் மாலையில் பொது மைதானத்தின் ஓரத்தில், ஆடும் பிள்ளைகளுக்கு வெகுதூரம் தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். ஒருநாள் ஒரு பெரிய அடியில் பந்து அவனை நோக்கிப் பறந்து வந்தது. யோசிக்க நேரமில்லை. வலக்கையை நீட்டிப் பிடித்தான். பிடித்த வேகத்திலேயே எழுந்து நேராக, பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சரின் கைக்கு எறிந்தான். ஆட்டம் முடிந்ததும் பையன்களில் ஒருவன் வந்து, நாளைக்கு நீயும் வா என்று கூப்பிட்டான். அறுபது வயதில், 1911-இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் இதை அவர் எழுதினார். பிறகு எத்தனையோ வெற்றிகளைப் பார்த்துவிட்ட மனிதர், அந்தப் பிடியை மறக்கவில்லை.

புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. வென்ட்வொர்த்வில்லிலோ டாண்டினாங்கிலோ புதுப் பள்ளிக்கூடத்தின் முதல் வாரத்தில், மதிய இடைவேளையில், ஆட்டத்தின் ஓரத்தில் நின்றவர்கள் அவர்கள்.

அந்தக் காலத்துப் பேஸ்பால் இன்று தொலைக்காட்சியில் காண்பதுபோல் இல்லை. பந்தெறியும் பிட்சர் நின்ற இடத்துக்கும் பேட்டருக்கும் இடையே 45 அடிதான் தூரம். கிரிக்கெட் ஆடுகளத்தின் 22 கஜத்தில் இது மூன்றில் இரண்டு பங்கு. கை தோளுக்கு மேலே போகக் கூடாது. இடுப்புக்குக் கீழே ஊசலாடி வர வேண்டும். முழங்கையை மடக்கி வெட்டி எறிந்தால் அது குற்றம். பந்தை ‘எறிய’க் கூடாது, ‘வீச’ வேண்டும் என்பது சட்டம். மணிக்கட்டைச் சொடுக்க 1872-இல்தான் அனுமதி வந்தது. தோளுக்கு மேலே கையைச் சுழற்ற நேஷனல் லீக் 1884-இல் இடம் கொடுத்தது. இப்போதுள்ள 60 அடி 6 அங்குலத் தூரம் 1893-இல் வந்தது. ஒவ்வொரு முறை விதி மாறியபோதும், நேற்று குற்றமாக இருந்த கையசைவு இன்று திறமையாக மாறியது.

இந்தக் கட்டுப்பாடுகளுக்குள் நின்றுகொண்டே ஸ்பால்டிங் பேட்டர்களைத் திணறடித்தார். வேகமாக ஒரு பந்து, அதே அசைவில் மெதுவாக ஒரு பந்து. இதுதான் அவர் வித்தை. 1867 ஜூலையில் வாஷிங்டன் நேஷனல்ஸ் என்ற பெரிய அணி மேற்குப் பகுதிக்குச் சுற்றுப்பயணம் வந்து, எதிர்ப்பட்ட அணிகளையெல்லாம் நொறுக்கிக்கொண்டிருந்தது. ராக்ஃபோர்டின் ஃபாரஸ்ட் சிட்டி அணி அதை 29–23 என்று தோற்கடித்தது. அந்தப் பயணத்தில் நேஷனல்ஸுக்கு விழுந்த ஒரே தோல்வி அது. எறிந்தவருக்கு இன்னும் பதினேழு முடியவில்லை.

உடனே விலை பேச ஆள் வந்தது. சிகாகோவில் ஒரு மொத்த மளிகைக் கடையில் எழுத்தர் வேலை, வாரத்துக்கு 40 டாலர். கடைக் கணக்கு எழுதும் ஒரு பையனுக்கு அது கனவிலும் கிடைக்காத தொகை. பணம் உண்மையில் எதற்கு என்பது எல்லோருக்கும் தெரியும்: அந்த ஊர்க் கழகத்துக்குப் பந்தெறிய வேண்டும். விளையாட்டுக்குக் காசு வாங்குவது அப்போது விதிப்படி தவறு. அதனால் காசு வேறு பெயரில் கைமாறியது. கடை சீக்கிரமே நொடித்துப்போக, பையன் ராக்ஃபோர்டுக்குத் திரும்பினான். ஆனால் தன் கைக்கு விலை உண்டு என்பதை அங்கே கற்றுக்கொண்டான்.

1871-இல் ஒளிவுமறைவு இல்லாத முதல் தொழில்முறை லீக் தொடங்கியது. ஹாரி ரைட் நடத்திய பாஸ்டன் ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியில் ஸ்பால்டிங் சேர்ந்தார். 1872 முதல் 1875 வரை நான்கு ஆண்டும் பாஸ்டனே கோப்பை வென்றது. 1875-இல் மட்டும் அவர் கணக்கில் 54 வெற்றி, 5 தோல்வி. அணி மொத்தமாக வென்றதே 71 ஆட்டம். இந்த எண்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவற்றின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐந்து பிட்சர்கள் முறைவைத்து எறிவது இன்றைய வழக்கம். அன்று அணிக்கு ஒரே கைதான். இன்று எறிந்த கை நாளையும், மறுநாளும் எறிந்தது.

உறையும் கிடையாது. பந்தை எல்லோரும் வெறுங்கையால் பிடித்தார்கள். விரல்கள் வீங்கிக் கோணிப்போனதுதான் பழைய ஆட்டக்காரரின் அடையாளம். 1875-இல் எதிரணியைச் சேர்ந்த சார்லஸ் வெய்ட் என்பவர் கையில் ஒரு தோலுறையோடு வந்ததை ஸ்பால்டிங் கவனித்தார். உறையின் நிறம் மனிதத் தோலின் நிறம். காற்று போக, புறங்கைப் பக்கம் ஒரு துவாரம். ஏன் இந்த நிறம் என்று விசாரித்தபோது, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக என்று வெய்ட் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டாராம். வலியைத் தாங்க முடியாதவன் என்று ஊர் சிரிக்கும் என்ற பயம். இரண்டாண்டு கழித்து ஸ்பால்டிங்கே உறை போட்டார், கறுப்பு நிறத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி. மிகப் பெரிய பெயர் பெற்றவர் போட்டதும் கேலி அடங்கியது. அதே உறைகள் அவர் கடையில் விற்பனைக்கும் வந்தன.

கடை எப்படி வந்தது? 1875 பருவத்தின் நடுவிலேயே, பாஸ்டனுக்கு ஆடிக்கொண்டிருக்கும்போதே, சிகாகோ அணியின் தலைவர் வில்லியம் ஹல்பர்ட்டோடு ஸ்பால்டிங் ரகசியமாக ஒப்பந்தம் போட்டார். தன்னோடு இன்னும் மூன்று பாஸ்டன் ஆட்டக்காரர்களையும் இழுத்துக்கொண்டார். அப்படிச் செய்யக் கூடாது என்று பழைய லீக்கின் விதி சொன்னது. விதியால் தண்டனை வரும் என்றால் புது லீக்கே கட்டிவிடலாம் என்று ஹல்பர்ட் முடிவெடுத்தார். 1876 பிப்ரவரியில் நியூயார்க்கில் நேஷனல் லீக் பிறந்தது, இன்றுவரை நடக்கிறது. அதன் முதல் பருவத்தில் சிகாகோ வென்ற 52 ஆட்டங்களில் 47 ஸ்பால்டிங்கின் கையால் வந்தவை. லீக்கில் எதிரணிக்கு ஒரு ஓட்டமும் கொடுக்காமல் முடித்த முதல் பிட்சரும் அவர்தான். அதே ஆண்டு அம்மாவிடம் 800 டாலர் வாங்கி, தம்பி வால்ட்டரோடு சிகாகோவில் விளையாட்டுச் சாமான் கடை திறந்தார். லீக்கின் அதிகாரபூர்வப் பந்து தன் கடைப் பந்தாக இருக்கவும் வழி செய்தார். அந்த உரிமை ஏறக்குறைய நூறாண்டு, 1976 வரை, அவர் நிறுவனத்திடமே இருந்தது.

1877-இல் அவர் பிட்சர் இடத்தை விட்டு முதல் பேஸுக்கு நகர்ந்தார். வளைந்து செல்லும் பந்தை எறியும் புதிய தலைமுறை வந்துவிட்டது. அந்த வித்தை அவருக்குக் கைவரவில்லை. அடுத்த ஆண்டோடு ஆட்டமே நின்றது. 28 வயதுக்குள் 250-க்கும் மேற்பட்ட வெற்றிகள். தோல்விகளோ 65 மட்டும். நூறு ஆட்டங்களுக்கு மேல் முடிவு கண்ட பிட்சர்களில் அவரளவு வெற்றி விகிதம் வேறெவருக்கும் இல்லை.

இதுவரை சொன்னது பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைக்கும் கதை. அடுத்த பாதியையும் கேட்டாக வேண்டும்.

தனக்குப் பிடித்த கழகத்துக்கு, தனக்குச் சரி என்று பட்ட சம்பளத்துக்குப் போகும் சுதந்திரத்தை விதியை மீறியே எடுத்துக்கொண்டவர் ஸ்பால்டிங். 1879-இல் நேஷனல் லீக் முதலாளிகள் அந்தச் சுதந்திரத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு கழகமும் ஐந்து ஆட்டக்காரர்களை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மற்ற கழகங்கள் அவர்களைத் தொடக் கூடாது. ஐந்து பேருக்கு என்று தொடங்கியது சில ஆண்டுகளில் அணி முழுவதற்கும் பரவியது. 1882-இல் ஹல்பர்ட் இறந்த பின் சிகாகோ கழகத்தின் தலைவரான ஸ்பால்டிங், இந்த ஏற்பாட்டின் பெரிய காவலரானார். 1888-இல், சிட்னிக்குக் கப்பலேறிய அதே ஆண்டில், தன் அணியின் மகத்தான பிட்சர் ஜான் கிளார்க்சனைப் பாஸ்டனுக்கு 10,000 டாலருக்கு விற்றார். மூன்று ஆண்டுக்கு முன் ஒரே பருவத்தில் 53 ஆட்டம் வென்று கொடுத்த கை அது. விலை போனது ஆட்டக்காரர்; தொகை போனது கழகத்துக்கு.

இந்தப் பின்னணியோடுதான் அலமீடா கப்பல் 1888 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவை விட்டுக் கிளம்பியது. ஹொனலுலு, ஆக்லாந்து வழியாக சிட்னி. பிறகு மெல்பர்ன், அடிலெய்டு, பல்லரட். டிசம்பர் 22-இல் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஏறத்தாழ 10,000 பேர் கூடினார்கள். ஆட்டம் அலுத்துவிட்டால் வேடிக்கைக்கு இருக்கட்டும் என்று, பலூனில் ஏறிப் பாராசூட்டில் குதிக்கும் ஒருவரையும் ஸ்பால்டிங் கூட்டி வந்திருந்தார். இங்கே பேஸ்பால் வேரூன்றினால் பந்தும் மட்டையும் உறையும் விற்கச் சந்தை கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அதை அவர் மறைக்கவும் இல்லை.

அந்தக் கப்பலில் வந்த பிட்சர்களின் பின்வாழ்க்கையைப் பாருங்கள். அயர்லாந்தில் பிறந்து சிகாகோவுக்கு எறிந்த ஜான் டெனர், பின்னாளில் பென்சில்வேனியா மாநிலத்தின் கவர்னரானார். எட் கிரேனின் வேகத்துக்காக மக்கள் அவருக்குப் ‘பீரங்கிக் குண்டு’ என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். பந்தை வெகுதூரம் எறிவதில் அவர் பெயர் பெற்றவர். குடியில் விழுந்து, வாழ்வு கலைந்து, 1896-இல் ரோச்செஸ்டர் நகரத்து விடுதியறையில் இறந்தார். வயது 40-ஐத் தொடவில்லை. ஆல் அமெரிக்காவின் தலைவர் ஜான் மாண்ட்கமரி வார்டு ஒரு காலத்தில் பிட்சர். 1880-இல் எதிரணியின் ஒருவரைக்கூட பேஸ் தொட விடாமல் முழு ஆட்டத்தையும் முடித்தவர். தோள் பழுதானதும் வேறு இடத்துக்கு மாறி ஆடிக்கொண்டே கொலம்பியாவில் சட்டம் படித்தார். 1885-இல் ஆட்டக்காரர்களுக்கென்று முதல் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே.

கூட்டத்தில் இன்னொருவரும் இருந்தார். கிளாரன்ஸ் டுவால் என்ற கறுப்பின இளைஞர். நன்றாக நடனமாடுவார், கோலைச் சுழற்றி அணிவகுப்புக்கு முன்னால் நடப்பார். அணிக்கு அதிர்ஷ்டம் தரும் ‘மேஸ்காட்’ என்று பெயர் சொல்லி அழைத்து வந்தவரை மனிதராக யாரும் நடத்தவில்லை. கெய்ரோ ரயில் நிலையத்தில் அவர் முகத்தில் கேட்சரின் கம்பி முகமூடியை மாட்டி, கயிறு கட்டி, குரங்கு என்று மக்களுக்கு வேடிக்கை காட்டினார்கள். கறுப்பினத்தவர் ஆடினால் நான் ஆட மாட்டேன் என்று மைதானத்தில் முரண்டு பிடித்த கேப் ஆன்சன்தான் சிகாகோவின் கேப்டன். அந்த அணியின் முதலாளி ஸ்பால்டிங். தடுக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது, அவர் தடுக்கவில்லை.

1889 ஜனவரியில் சாலியர் என்ற கப்பல் மெல்பர்னை விட்டுப் புறப்பட்டு இந்துமாக்கடலைத் தாண்டி வந்து நின்ற துறைமுகம், கொழும்பு. ஜனவரி 26-இல் அங்கே ஐந்து இன்னிங்ஸ் ஆடினார்கள். ஆட்டம் 3–3 என்று சமனில் முடிந்தது. உங்களில் பலருடைய பூட்டனோ கொப்பாட்டனோ வாழ்ந்த தீவில், அவர்கள் வாழ்ந்த காலத்தில் நடந்த ஆட்டம் அது. கொழும்பிலிருந்து எகிப்து, பிரமிடுகளின் நிழலில் ஓர் ஆட்டம், பிறகு ஐரோப்பா.

ஆட்டக்காரர்கள் கடலில் இருந்தபோது, நியூயார்க்கில் கூடிய முதலாளிகள் எல்லா ஆட்டக்காரர்களையும் ஐந்து தரமாகப் பிரித்தார்கள். கடைசித் தரத்துக்கு ஆண்டுக்கு 1,500 டாலர், முதல் தரத்துக்கு 2,500. அதற்கு மேல் எவருக்கும் கிடையாது. மைதானத்துக்கு வெளியே ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் தரத்தைத் தீர்மானிக்கும். சங்கத் தலைவர் வார்டு அப்போது உலகத்தின் மறுபக்கத்தில், ஸ்பால்டிங்கின் விருந்தாளியாக இருந்தார். செய்தியறிந்து, பயணம் முடியுமுன்பே இங்கிலாந்திலிருந்து தனியாக ஊருக்குக் கப்பலேறினார். 1890-இல் ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு லீக் தொடங்கினார்கள். முன்னணி ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அங்கே போனார்கள். எதிர்ப்போர் நடத்திய முதலாளிகள் குழுவுக்குத் தலைமை ஸ்பால்டிங். இரு தரப்பும் பணத்தை வாரி இறைத்தன. பார்வையாளர் எண்ணிக்கையை இரு தரப்பும் பொய்யாகக் கூட்டிச் சொன்னதை ஸ்பால்டிங்கே பிற்பாடு எழுதினார். கையிருப்பு குறைந்த பக்கம் முதலில் சாய்ந்தது. ஒரே பருவத்தில் ஆட்டக்காரர்களின் லீக் மூடியது.

அந்தப் பூட்டு 1975 டிசம்பர் வரை தொங்கியது. நடுவர் மன்றத் தீர்ப்பின் வழி அதைத் திறந்தவர்கள் ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இருவர். இருவருமே பிட்சர்கள்.

தன் விளையாட்டின் பிறப்புக் கதையையும் ஸ்பால்டிங் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்தின் ரவுண்டர்ஸ் ஆட்டத்திலிருந்து வந்தது பேஸ்பால் என்று நண்பர் ஹென்றி சாட்விக் எழுத, இல்லை, அது சுத்த அமெரிக்கச் சரக்கு என்று நிறுவ 1905-இல் ஒரு குழு அமையச் செய்தார். முதியவர் ஒருவரின் கடிதத்தை மட்டும் நம்பி, 1839-இல் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபுள்டே என்பவர் இதைக் கண்டுபிடித்தார் என்று குழு அறிவித்தது. டபுள்டே அந்த ஆண்டு வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். கதைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. இந்த டபுள்டேவைச் சென்னைக்காரர்கள் வேறொரு வழியில் நெருங்கலாம். தியாசாபிகல் சொசைட்டியைத் தோற்றுவித்த கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் இந்தியாவுக்குக் கிளம்பியபோது, அமெரிக்காவில் அதைப் பார்த்துக்கொள்ள ஆல்காட் நியமித்தவர் அவர்தான். இந்தியா வந்தவர்கள் பிறகு அடையாற்றில் தலைமையகம் அமைத்தார்கள். ஸ்பால்டிங்கின் இரண்டாம் மனைவி எலிசபெத்தும் தியாசாபிஸ்டுதான். கலிபோர்னியாவில் பாயிண்ட் லோமாவில் அந்த இயக்கத்தின் குடியிருப்பை ஒட்டி வாழ்ந்து, 1915 செப்டம்பர் 9-இல் ஸ்பால்டிங் மறைந்தார். பேஸ்பாலின் புகழ்மண்டபம் 1939-இல் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது. மண்டபம் கட்டிய இடம் அதே கூப்பர்ஸ்டவுன்.

அவர் விதைத்தது ஆஸ்திரேலியாவில் முளைக்காமல் போகவில்லை. பயணத்தில் வந்த ஹாரி சிம்ப்சன் இங்கேயே தங்கி, மெல்பர்ன், அடிலெய்டு, சிட்னி என்று அலைந்து அணிகளைச் சேர்த்தார். ஊர் திரும்பாமலே 1891-இல் இறந்தார். 1897-இல் ஓர் ஆஸ்திரேலிய அணி அமெரிக்காவுக்கே போய் ஆடியது. 1934 முதல் மாநிலங்கள் கிளாக்ஸ்டன் கேடயத்துக்காக மோதின. 2000 ஒலிம்பிக்கில், நம்மவர்கள் நெருங்கி வாழும் ஹோம்புஷ் பக்கத்தில், பென் ஷீட்ஸ் என்ற இளம் அமெரிக்க பிட்சர் கியூபாவுக்கு ஒரு ஓட்டமும் கொடுக்காமல் தங்கத்தை வென்றார். 2004-இல் ஏதென்ஸில் ஆஸ்திரேலியா ஜப்பானை 1–0 என்று வீழ்த்தி வெள்ளி வாங்கியது. 2014 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி வந்து, 1888-இல் ஸ்பால்டிங்கின் ஆட்கள் ஆடிய அதே சிட்னி மைதானத்தில் அமெரிக்கப் பருவத்தைத் தொடங்கியது. முதல் நாள் எறிந்தவர் கிளேட்டன் கெர்ஷா.

இனி நம் கிரிக்கெட் பக்கம். சிட்னியின் அதே மைதானத்தில், 1900–01 பருவத்தில், நியூ சவுத் வேல்ஸுக்காக ஜாக் மார்ஷ் பந்துவீசினார். பழங்குடி இனத்தவர், அந்நாளின் அதிவேகப் பந்துவீச்சாளர்களில் ஒருவர். விக்டோரியாவுக்கு எதிராக அவர் வீசியபோது நடுவர் பாப் கிராக்கெட், எறிகிறார் என்று திரும்பத் திரும்ப நோபால் கொடுத்தார். முழங்கையை அசைக்க முடியாதபடி கட்டுப் போட்டுக்கொண்டும் அதே வேகத்தில் வீசிக் காட்டியவர் மார்ஷ். பயனில்லை, ஆஸ்திரேலியத் தொப்பி அவருக்குக் கிடைக்கவேயில்லை. 1916-இல் ஆரஞ்சு நகரத்தில் அடித்துக் கொல்லப்பட்டார்.

1995 டிசம்பர் 26, மெல்பர்ன். கண்டியில் பிறந்த தமிழர் முத்தையா முரளிதரனுக்கு நடுவர் டேரல் ஹேர் மூன்று ஓவர்களில் ஏழு முறை நோபால் கொடுத்தார். அந்தக் கை பிறவியிலேயே முழுவதும் நிமிராதது. அடுத்த ஆண்டு பெர்த்தில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் கையைக் கேமராக்களுக்கு முன் அளந்தார்கள். பின்பு, பந்துவீச்சாளர் எல்லோருடைய முழங்கையும் கொஞ்சமாவது நிமிர்கிறது என்று ஆய்வுகள் காட்ட, 15 பாகை வரை அனுமதி என்று உலகத்துக்கே விதி மாறியது. முரளி 800 விக்கெட்டோடு 2010-இல் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். ‘எறியக் கூடாது, வீச வேண்டும்’ என்ற விதி ஸ்பால்டிங்கின் இளமையில் பேஸ்பாலிலும் இருந்து மாறிப்போனதை நினைத்துப் பாருங்கள். மார்ஷின் கையை அளக்க அன்று ஒருவரும் முன்வரவில்லை.

நம் பிள்ளைகளுக்கு ஆசை காட்டும் கதைகளும் உண்டு. உத்தரப் பிரதேசத்துக் கிராமத்தில் ஈட்டி எறிந்து பழகிய ரிங்கு சிங், 2008-இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வேகமாக எறிந்து வென்று, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகத்தில் ஒப்பந்தமானார். ஒரு கோடையில் கான்பெர்ரா கேவல்ரி அணிக்காக இங்கே எறிந்தார். பின் காயங்கள் அந்தக் கையை நிறுத்தின. பிட்சர்களின் முழங்கையில் கிழியும் தசைநாருக்குப் பதிலாக உடலின் வேறிடத்து நாரை எடுத்துக் கட்டும் அறுவை சிகிச்சை 1974-இல் முதலில் செய்யப்பட்டது டாமி ஜான் என்ற பிட்சருக்கு. இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. அமெரிக்காவின் லிட்டில் லீக்கில் 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் எறிய அனுமதியில்லை. ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியமும் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வயதுவாரியாக அளவு சொல்லியிருக்கிறது. பள்ளி அணி, கழக அணி, தனிப் பயிற்சி, வீட்டு முற்றம் என்று நான்கு இடத்திலும் வீசும் பிள்ளைக்கு அந்த நான்கையும் கூட்டிக் கணக்கு வைப்பவர் யார்? பயிற்சியாளருக்குத் தன் பங்கு மட்டும்தான் தெரியும். கூட்ட வேண்டியது வீடு.

ஆகவே கேட்பவை மூன்று. இந்தக் கோடையில் ஒரு மாலை, சிட்னியில் இருப்போர் பிளாக்டவுனுக்கும் மெல்பர்னில் இருப்போர் லாவர்ட்டன் பக்கத்துப் பேஸ்பால் மைதானத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். கேட்சருக்குப் பின்னால் வலைக்கு அருகே உட்காருங்கள், அந்தக் கை தோளிலிருந்து எப்படிச் சாட்டையாகப் புறப்படுகிறது என்று காட்டுங்கள். வீடு திரும்பும் வழியில் ஸ்பால்டிங்கின் கதையை முழுவதும் சொல்லுங்கள்: மைதான ஓரத்துப் பையனையும், 54 வெற்றியையும், விற்கப்பட்ட கிளார்க்சனையும், முகமூடி மாட்டப்பட்ட டுவாலையும் சேர்த்து. மூன்றாவது, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, பிள்ளை வாரம் முழுவதும் வீசும் பந்துகளை எழுதி வையுங்கள். எண்ணுவது பிள்ளையின் கையாலேயே இருக்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் முடிந்து பையைக் காரில் ஏற்றும்போது, எத்தனை விக்கெட் என்று கேட்பதற்கு முன், தோள் வலிக்கிறதா என்று கேளுங்கள். பதில் வரும்வரை காரைக் கிளப்ப வேண்டாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்